லேப்டாப்புக்கும் நல்ல தண்ணி காட்டணும்

கோயம்புத்தூரில் மூன்று வருடம் புழங்கிய லேப்டாப். அலுமினிய உடம்பு, ஒரு கீறல் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு இராமேசுவரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடம் வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த எட்டாவது மாதம், வலது உள்ளங்கை படுகிற ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் நாலைந்து எழும்பின. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் சின்னக் குழி. மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "கடல் பக்கமா சார்?" என்று மட்டும் கேட்டார்கள். கேரண்டியில் வராது என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நான் துடைக்காமல் விட்டவன் இல்லை. வாரம் தவறாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். பளபளவென்றுதான் இருக்கும். தப்பு எங்கே என்று சொன்னவர் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, எங்கள் தெருவில் படகு இஞ்சின் பார்க்கிற அண்ணன். "தம்பி, கடலுக்குப் போய்ட்டு வந்த இஞ்சினுக்கு முதல்ல என்ன செய்வோம்? நல்ல தண்ணி காட்டுவோம். எண்ணெய், கிரீஸ் எல்லாம் அப்புறந்தான். நீ தண்ணியே காட்டாம ஸ்பிரிட்ட போட்டா, உப்பு எங்க போகும்?"

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரையோரம் எங்கே இருந்தாலும், உலோக உடம்புள்ள லேப்டாப்பை முதல்முறையாக வாங்கியவர்களுக்கும், உள்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அழுக்கு வேறு, உப்பு வேறு

வீட்டில் கல்லுப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். கோடையில்கூட அடியில் நீர்விட்டு நிற்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். ஆக, லேப்டாப்பின் மேல் வந்து உட்காரும் உப்புத் தூள் இந்த ஊரில் முழுதாகக் காய்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாக இரவும் பகலும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

அலுமினியத்துக்கு இயற்கையாகவே ஒரு கவசம் உண்டு. காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு தோல் படிந்துவிடும். லேப்டாப் செய்பவர்கள் அந்தத் தோலை மின்சாரம் பாய்ச்சித் தடிமனாக்குகிறார்கள். அதுதான் அனோடைசிங். மேக்புக்கின் உடம்பு இப்படிச் செய்ததுதான். வேறு பல நிறுவனங்களின் விலை கூடிய மாடல்களும் அப்படித்தான். கடினமான தோல்தான். ஆனால் சில மைக்ரானிலிருந்து இருபது சொச்சம் மைக்ரான்வரைதான் தடிமன்; தலைமுடியின் பருமனில்கூடப் பாதி தேறாது. விளிம்புகளிலும், யு.எஸ்.பி. துளையைச் சுற்றியும், டச்பேடின் ஓரத்திலும் இந்தத் தோலில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும், அல்லது புழங்கிப் புழங்கித் தேய்ந்திருக்கும். உப்பிலிருக்கும் குளோரைடு அந்த இடத்தில்தான் நுழைகிறது. நுழைந்தால் பரவலாக அரிக்காது, ஊசி குத்தியதுபோல் ஒரே புள்ளியில் கீழே இறங்கும். மேலே வெள்ளை மாவு, கீழே குழி. எனக்கு வந்தது அதுதான்.

வியர்வையிலும் இதே உப்புதான். கடல் காற்று வெளியிலிருந்து, கை உள்ளிருந்து என்று இரண்டு பக்கமும் அடி வாங்குவது உள்ளங்கை வைக்கிற இடம்.

இனி ஸ்பிரிட் விஷயம். உப்பு தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. ஸ்பிரிட் என்று நான் சொல்கிற, கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதுதான். ஆனால் அது கரைத்த உப்பைத் துணி வாங்கிக்கொள்வதற்குள் எல்லாம் ஆவியாகி, உப்பு பழைய இடத்திலேயே படிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் போயிருக்கும். எண்ணெய் போன இடம் பளபளக்கும். நாம் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். எட்டு மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

இரும்புக்கே இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரில் சாட்சி தேட வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார், கடல் காற்று உலோகங்களை எப்படித் தின்கிறது என்று ஆராய மண்டபத்தில்தான் தகடுகளைக் காயப்போட்டுப் பார்த்தார்கள். அந்தத் தகடு கிடந்த காற்றில்தான் நம் லேப்டாப்பும் கிடக்கிறது.

முதலில் கறையின் ஜாதகத்தைப் பாருங்கள்

துணியை எடுப்பதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். எல்லாக் கறைக்கும் ஒரே வைத்தியம் இல்லை.

மூடியின்மேல் மங்கலான வெண்படலம், விரலால் இழுத்தால் கோடு விழுகிறது என்றால் அது உப்பும் தூசியும். தண்ணீரே போதும். விரல் ரேகை, தேங்காயெண்ணெய்க் கை, மீன் வறுவல் தொட்ட கை எல்லாம் எண்ணெய். தண்ணீருக்குப் பிறகு ஸ்பிரிட் வேண்டும்.

கறுப்பாக, பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கோடு தெரிந்தால் பதறாதீர்கள். அதன்மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது கீறலே அல்ல. வளையல், கைக்கடிகாரப் பட்டை, சாவிக்கொத்து எதுவோ உரசியதில் *அதன்* உலோகம் லேப்டாப்பின்மேல் ஒட்டியிருக்கிறது. கடினமான ஆக்சைடு தோல், மெத்தென்ற உலோகத்தைத் தேய்த்து வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாக அழித்தால் பெரும்பாலும் போய்விடும். மணல்போல் கரகரவென்றிருக்கும் நீலப் பக்க ரப்பர் வேண்டாம்.

நகம் தட்டி நின்றால் அது உண்மையான கீறல். அதைத் துடைத்து எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் எந்தப் பாலிஷையும் நம்பாதீர்கள். அது கீறலை எடுக்காது, கீறலைச் சுற்றியிருக்கும் தோலையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

வெள்ளை மாவும் குழியும் தெரிந்தால் அரிப்பு. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். உலோகம் என்றாலே அலுமினியம் இல்லை. எல்.ஜி. கிராம் மாதிரி எடை குறைந்த சில லேப்டாப்புகள் மக்னீசியக் கலவையில் செய்தவை, மேலே பெயின்ட் பூச்சு. மக்னீசியம் அலுமினியத்தைவிட உப்புக்குச் சீக்கிரம் பணியும். பெயின்ட் பெயர்ந்த மூலை ஒன்று கண்ணில் பட்டால் அன்றே அதன்மேல் ஒரு துண்டு டேப்பாவது ஒட்டிவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

நிறைய செலவு இல்லை. கார் சாமான் கடையில் கிடைக்கும் மைக்ரோஃபைபர் துணி மூன்று. மென்மையான பெயின்டிங் பிரஷ் ஒன்று. கேமராக்காரர்கள் தூசி ஊதும் ரப்பர் பந்து கிடைத்தால் நல்லது. காது குடையும் பஞ்சுக் குச்சி கொஞ்சம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிப் பாகக் கடையில் பாட்டிலாகக் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால், ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் சின்னச் சின்னப் பொட்டலத் துணி மருந்துக் கடையில் இருக்கும், அதிலும் பெரும்பாலும் அதே 70 சதவீதச் சரக்குதான். அட்டையைப் படித்து வாங்குங்கள். கை கழுவும் சானிடைசர் ஜெல்லை மட்டும் தொடாதீர்கள். அதிலிருக்கும் கிளிசரின் பிசுபிசுவென்று தங்கி, தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய கேள்வி. தீவுக்குள் பல வீடுகளில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதைத் தொட்டுத் துடைத்தால் உப்பை எடுத்து உப்பை வைத்த கதைதான். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்துவிடுகிற வீடுகள் உண்டு. நான் வாங்குவது பேட்டரித் தண்ணீர். டூவீலர் மெக்கானிக் கடை, பெட்ரோல் பங்க் எங்கும் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். பேட்டரி *ஆசிட்* பாட்டிலும் அதே அலமாரியில்தான் இருக்கும். லேபிளைப் பார்த்து எடுங்கள்.

எந்தத் தண்ணீர் ஆகும் என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டு, காய விடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் லேப்டாப்புக்கு ஆகாது. குடிக்கிற ஆர்.ஓ. கேன் தண்ணீரையும் இப்படிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

துடைக்கும் முறை

லேப்டாப்பை முழுதாக அணையுங்கள். மூடிவைத்தால் தூங்குமே தவிர அணையாது. சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடம்பு ஆறும்வரை விடுங்கள். சூட்டோடு துடைத்தால் தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

அடுத்தது தூசி. இங்கே பலர் நேராகத் துணியை எடுத்துவிடுகிறார்கள். நம் ஊர்த் தூசியில் பாதி கடல் மணல். துணிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு மணல் மாட்டினால் போதும், உப்புத்தாள் (சாண்ட்பேப்பர்) போட்டுத் தேய்த்த மாதிரிதான். ரப்பர் பந்தால் ஊதுங்கள், பிரஷ்ஷால் தட்டுங்கள். மூடியின் கீல், காற்றுப் போகும் சல்லடை, அடியில் ரப்பர் கால்களைச் சுற்றியுள்ள பள்ளம் எல்லாம் மணல் பதுங்கும் இடங்கள். துளைகளைத் தட்டும்போது துளை கீழே பார்க்கும்படி சாய்த்துப் பிடியுங்கள், விழுவது வெளியே விழும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

இப்போது நல்ல தண்ணீர். முதல் துணியை நனைத்து, ஒரு சொட்டுகூட விழாதபடி முறுக்கிப் பிழியுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. அந்த அளவு. தண்ணீரை லேப்டாப்பின்மேல் தெளிக்கவே கூடாது. மூடியிலிருந்து தொடங்கி, ஒரே திசையில் நீளமாக இழுங்கள். வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டாம். துளைகளுக்கும் சல்லடைக்கும் பக்கத்தில், உள்நோக்கித் தள்ளாமல் வெளிநோக்கி இழுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை துணியை மடித்துப் புதுப் பக்கத்தைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் எடுத்த உப்பையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம்.

மூடி, அடிப்பக்கம், உள்ளங்கை இடம் முடிந்ததும் துணியை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து மறுபடியும் ஒரு சுற்று. இந்த இரண்டாவது சுற்றைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுகிறோம். முதல் சுற்று உப்பைக் கரைக்கிறது, இரண்டாவதுதான் எடுக்கிறது. உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கீல் ஓரத்திலும் டச்பேடின் இடுக்கிலும் பஞ்சுக் குச்சி. குச்சியும் ஈரம் மட்டும்தான், சொட்டக்கூடாது.

அதற்குப் பிறகு ஸ்பிரிட். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும், துணியில் தொட்டு லேசாக. விசைப்பலகையின் எழுத்துகளை ஊற வைக்காமல் மேலோட்டமாக ஒருமுறை இழுத்தால் போதும். திரையில் ஸ்பிரிட் போடாதீர்கள், சில திரைகளின் மேல்பூச்சு அதில் உரிந்துபோகும். திரைக்குத் தண்ணீர் ஈரத் துணியும் காய்ந்த துணியுமே ஆயுசுக்கும் போதும்.

பிசுக்கு முற்றிப்போய் மஞ்சளாகப் படிந்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ ஒரே ஒரு சொட்டு. அதைத் தொட்டுத் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு தடவை எடுக்க வேண்டும்.

ஸ்டிக்கர் பசைக்கு நம் வீட்டுத் தேங்காயெண்ணெய்தான் மருந்து. பசையின்மேல் தடவி அரை மணி நேரம் விட்டால் நெகிழ்ந்து வரும். பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் தள்ளுங்கள், பிளேடு எடுக்காதீர்கள். பிறகு எண்ணெயை எடுக்க ஸ்பிரிட். பெர்மனென்ட் மார்க்கர் கோடும் ஸ்பிரிட்டுக்கே போய்விடும்.

எல்லாம் முடிந்தபின் மூடியைத் திறந்த நிலையில் கால் மணி நேரம் ஃபேனடியில் விட்டுவிட்டுப் பவர் போடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? அலை சத்தம் கேட்கிற வீடு என்றால் தண்ணீர்த் துடைப்பு வாரத்துக்கு இரண்டு தடவை. இராமநாதபுரம் டவுனுக்குள் என்றால் வாரம் ஒருமுறை போதும். ஸ்பிரிட் மாதம் இரண்டு தடவைக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அரிச்சல்முனைக்கோ வேறு கடற்கரைக்கோ கொண்டுபோய் வந்தால், கணக்கெல்லாம் இல்லை, அன்று இரவே.

சமையலறைக்குள் போகாதீர்கள்

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, வெண்கலத்துக்குச் சாம்பல், அலுமினியச் சட்டிக்குப் பாத்திரப் பவுடர் என்று பழகிய கை நமக்கு. லேப்டாப்பும் உலோகம்தானே என்று அங்கே போய்விடும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவு முழுக்க வைக்காதே என்று வீட்டில் ஏன் சொல்கிறார்கள்? அலுமினியத்தின் ஆக்சைடு தோல், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவில் ஏறத்தாழ 4-க்கும் 8.5-க்கும் இடையில்தான் நிலையாக நிற்கும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அதற்குக் கீழே. சாம்பல், சலவை சோடா, பிளீச்சிங், சுண்ணாம்பு எல்லாம் அதற்கு மேலே. இரண்டு பக்கமும் தோல் கரையும். சாயம் ஏற்றிய லேப்டாப்பாக இருந்தால் சாயமும் திட்டாக வெளுக்கும்.

பற்பசை, விபூதி, மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சு, காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டு எல்லாம் தேய்க்கும் ரகம். நகப்பூச்சு எடுக்கும் அசிட்டோன் உலோகத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு சொட்டு விசையில் விழுந்தால் பிளாஸ்டிக் குழைந்துவிடும். பூட்டுக்கும் சைக்கிளுக்கும் அடிக்கும் ஸ்பிரே எண்ணெயும் வேண்டாம். விசைகளுக்கு அடியில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் என் வீட்டிலேயே நடக்காது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமம் காரத்தன்மை கொண்டது, நிறமும் விடும். மூடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அதன்மேல் பொட்டு வையுங்கள். அம்மாவுக்கும் திருப்தி, அலுமினியத்துக்கும் திருப்தி.

வராமல் தடுப்பது

துடைப்பதைவிட இது எளிது. ஆனால் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். சித்திரைக்குப் பிறகு புரட்டாசிவரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் சோழகமும் கச்சானும் அடிக்கும், தென்கடல் கொந்தளிக்கும். ஐப்பசியிலிருந்து தைவரை வாடை, அப்போது வடகடலின் முறை. எந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து உப்புத் துளி வீட்டுக்குள் வரும். ஆகவே மேசையை ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் வைக்காதீர்கள். காற்று நேராக அடிக்கும் ஜன்னலுக்கு எதிரே லேப்டாப் இருக்கக்கூடாது. ஜன்னலில் கொசுவலை இருந்தால் அதில் விரலை வைத்து நக்கிப் பாருங்கள், உங்கள் அறைக்குள் எவ்வளவு வருகிறது என்று நாக்கே சொல்லும். அந்த வலையையும் மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் திறந்து போட்டுவிட்டுப் போகாமல், சூடு ஆறியதும் மூடி ஓர் உறைக்குள் வையுங்கள். உறை துணியாக இருந்தால் அதையும் துவைக்க வேண்டும், உப்பு அதிலும் ஏறும். மழைக்காலத்தில் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைப்பது இன்னும் நல்லது. ஆரஞ்சு நிற மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு ஆகாத பழைய சட்டியில் மிதமான சூட்டில் வறட்டினால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூள்தான் துளைகளில் ஏறும்.

கெட்டியான பிளாஸ்டிக் கவசம் மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பாதுகாப்புக்கென்று மாட்டி, உள்ளே மணலும் உப்பும் மாட்டிக்கொண்டு, ஒரு வருடம் கழித்துக் கழற்றும்போது மூலைகளில் தேய்ந்த தழும்பு. மாட்டியே தீர வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். அதைவிட, உள்ளங்கை வைக்கிற இடத்துக்கு மட்டும் வினைல் ஸ்கின் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது இந்த ஊருக்கு ஏற்றது. வியர்வை நேராக உலோகத்தில் படாது. ஒட்டுவதற்கு முன் மேலே சொன்ன இரண்டு சுற்றுத் தண்ணீர்த் துடைப்பு அவசியம். உப்பை உள்ளே வைத்து ஒட்டினால் மூடிய அறைக்குள் திருடனை வைத்துப் பூட்டிய மாதிரி.

ஸ்கின் பிடிக்காதவர்கள் மணிக்கட்டில் உலோகப் பட்டைக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கைகளை ஒருமுறை கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். கருவாடு, மீன் கணக்கு எழுதும் கடைகளில் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

பாம்பன் சாலைப் பாலத்தைத் தினமும் டூவீலரில் கடப்பவர்கள், பையின்மேல் மழை உறையைப் போட்டுக்கொண்டு போங்கள், மழை இல்லாவிட்டாலும். ஆலோசனை கேட்கச் சிரிப்பாக இருக்கும். பாலம் தாண்டியதும் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்து வருகிறவர்களுக்கு ஒன்று. குளிர்ந்த உலோகத்தின்மேல் கடலோரக் காற்றின் ஈரம் பனித்துளியாக இறங்கும், ஐஸ் டம்ளர் வேர்ப்பதுபோல. ஏற்கெனவே இருக்கும் உப்புக்கு அது விருந்து. பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்து, உடம்பு வெளிச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.

குழி விழுந்துவிட்டதா?

போன உலோகம் திரும்பாது. பரவுவதை நிறுத்தலாம். நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை மட்டும் நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் புதுக் குச்சியால் ஒற்றுங்கள். வெள்ளை மாவு இறுகியிருந்தால் மரப் பல்குத்தியால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி, இரும்புக் கம்பி நார் கூடவே கூடாது. இரும்புத் துகள் ஒன்று குழியில் தங்கினால், இரண்டு உலோகம், நடுவே உப்புநீர் என்று சின்ன பேட்டரியே அங்கே உருவாகி அரிப்பை முடுக்கிவிடும். ஸ்பிரிட்டால் ஒற்றி, ஓர் இரவு சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் உலர விட்டு, மறுநாள் நிறமில்லாத நகப்பூச்சைப் பல்குத்தி நுனியால் ஒரு பொட்டு வையுங்கள். இது நான் செய்து பார்த்த கைவைத்தியம், கம்பெனி சொல்லும் முறை அல்ல. பார்க்க அழகாக இராது. என் லேப்டாப்பில் அந்த நாலைந்து புள்ளிகள் இன்றும் நாலைந்தாகவே இருக்கின்றன.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கலாம் என்று ஒரு யோசனை எனக்கும் வந்தது. தேய்த்தால் அனோடைசிங் தோல் அந்த வட்டாரம் முழுக்கப் போய்விடும். ஐந்து புள்ளிக்குப் பதில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அரிப்பு தொடங்கும்.

யு.எஸ்.பி. துளைக்குள் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ தெரிந்தாலும், அடித்தகட்டின் திருகாணி துருவேறியிருந்தாலும் அது உங்கள் வேலை அல்ல. கை தேர்ந்த பழுதுக்கடைக்காரரிடம் கொடுங்கள். எப்படியும் ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே திறந்து ஃபேனைச் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும். உள்ளே இழுத்த காற்றும் இதே காற்றுதான்.

கடைசி வேலை துணிகள். துடைத்த துணியை அப்படியே மடித்து டிராயரில் வைத்தால், அடுத்த வாரம் அது உப்புத் துணி. நல்ல தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ போட்டு அலசி, இரண்டு முறை வெறும் தண்ணீரில் முக்கி எடுங்கள். துணி சாஃப்ட்னர் திரவம் சேர்க்காதீர்கள், மெழுகுபோல் படியும். காயப்போடுவது வீட்டுக்குள், ஃபேனடியில். மொட்டை மாடிக் கொடியில் போட்டு எடுத்து வந்தால், மறுபடியும் தண்ணீரில் முக்க வேண்டியதுதான்.